அசதயோபிரினிலிருந்து ரிட்டுக்ஸிமாபுக்கு மாறலாமா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 34, எடை 58 கிலோ. இடது கண் பார்வை திடீரென மங்கியபோது நியூரோமையலைடிஸ் ஆப்டிகா (உடலின் எதிர்ப்பு சக்தியே கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்) என்று கண்டுபிடித்தார்கள். இந்த நோயைக் காட்டும் அக்குவாபோரின்-4 ஆன்டிபாடி பாசிட்டிவ். எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதயோபிரின் மாத்திரை தினமும் 50 மி.கி. சாப்பிடுகிறார். சிகிச்சையின் 10ஆம் மாதம், கூடவே கொடுத்த பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நிறுத்தினார்கள். அடுத்த மாதமே இரண்டு கால்களும் மரத்துப்போயின. இப்போது ரிட்டுக்ஸிமாப் போடலாம் என்கிறார் டாக்டர். அதைவிடப் புதிய ஊசிகளும் வந்துவிட்டனவாமே, எது நல்லது?

பதில்: உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது அந்த 50 மி.கி. தான். இந்த நோய்க்கு அசதயோபிரின் கிலோவுக்கு 2 முதல் 3 மி.கி. வேண்டும். 58 கிலோ என்றால் நாளுக்கு ஏறத்தாழ 125 முதல் 175 மி.கி. ரத்த அணுக்கள் குறைகிறதா என்று பார்க்க 50-இல் ஆரம்பிப்பது சரி. அங்கேயே நின்றுவிட்டதுதான் தவறு. இத்தனை மாதமும் அவரைக் காத்தது பெரும்பாலும் பிரட்னிசலோன்தான். அதை நிறுத்தியதும் நோய் வெளியே வந்துவிட்டது.

அப்படியானால் டோஸை ஏற்றிப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. அசதயோபிரின் முழு வேலை செய்ய 4 முதல் 6 மாதம் பிடிக்கும். இந்த நோயில் ஒவ்வொரு தாக்குதலும் ஏதாவது ஒன்றை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு போகும். இடையில் மெதுவாக மோசமாவது அரிது. அதனால் ஒரு தாக்குதலைத் தடுத்தாலும் அது பார்வையைக் காப்பதுதான், நடையைக் காப்பதுதான். உங்கள் டாக்டர் சொல்வது சரி.

ரிட்டுக்ஸிமாப், ஆன்டிபாடி உருவாகக் காரணமான பி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களை அழிக்கிறது. வழக்கமாக 1,000 மி.கி. டிரிப்ஸில் ஏற்றி, 2 வாரம் கழித்து இன்னொரு 1,000. பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை. ஜப்பானில் 38 பேரிடம் நடந்த ஆய்வில், இதைப் பெற்ற 19 பேரில் ஒருவருக்கும் திரும்பத் தாக்கவில்லை. போலி மருந்து பெற்ற 19 பேரில் 7 பேருக்குத் தாக்கியது.

புதியவற்றில் இனெபிலிஸுமாபும் பி அணுக்களைத்தான் குறிவைக்கிறது, 300 மி.கி. இரண்டு முறை, பிறகு 6 மாதத்துக்கு ஒன்று. சட்ராலிஸுமாப் தோலடி ஊசி, 120 மி.கி. வீதம் முதல் மூன்று ஊசிகள் 2 வார இடைவெளியில், பிறகு 4 வாரத்துக்கு ஒன்று. வீட்டிலேயே போடலாம். ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவை அது அமுக்கிவிடும், கிருமித் தொற்று இருந்தாலும் ரிப்போர்ட் நார்மலாகவே வரும். எக்குலிஸுமாப், ஆன்டிபாடியோடு சேர்ந்து நரம்பைச் சிதைக்கும் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்களைத் தடுப்பதால் உடனே பலன் தரும். அதன் ஆய்வில் 3 சதவீதத்தினருக்கே திரும்பத் தாக்கியது, போலி மருந்தில் 43. ஆனால் 2 வாரத்துக்கு ஒரு முறை டிரிப்ஸ் தவறக்கூடாது. மெனிங்கோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் அபாயமும் உண்டு. 2 வாரம் முன்பே தடுப்பூசி வேண்டும், போட்ட பிறகும் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

இந்தச் சதவீதங்களை வைத்து மட்டும் மருந்துகளை வரிசைப்படுத்தாதீர்கள். எக்குலிஸுமாப் ஆய்வில் பலர் பழைய மாத்திரைகளையும் தொடர்ந்தார்கள். இனெபிலிஸுமாப் ஆய்வில் நீண்டகால மாத்திரைகள் எதுவும் இல்லை. ரிட்டுக்ஸிமாப் முறையாக ஏறியும் திரும்பத் தாக்கினால், அப்போது எக்குலிஸுமாப் அல்லது சட்ராலிஸுமாபுக்குப் போகலாம். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்பதால் எல்லாக் கதவும் திறந்தே இருக்கிறது.

உண்மையான ஆபத்து மருந்து மாறும் இடைவெளியில் இருக்கிறது. ரிட்டுக்ஸிமாப் ஏறிய முதல் சில வாரங்களிலும் தாக்குதல் வருவதுண்டு. அதனால் இந்தத் தாக்குதலுக்காகப் பிரட்னிசலோனை மறுபடி கொடுத்தால், அதை ஊசி போட்ட அன்றே நிறுத்தக்கூடாது. 2, 3 மாதத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம், மேற்பரப்பு ஆன்டிஜன் மட்டும் போதாது, கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். உள்ளே உறங்கும் வைரஸ் இந்த மருந்தில் விழித்துக்கொள்ளும். காசநோய்ப் பரிசோதனையும், ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியின் அளவும் சேர்த்து எடுங்கள். பிறகு ஐ.ஜி.ஜி. குறைந்துகொண்டே போய் அடிக்கடி நெஞ்சுச் சளி பிடித்தால், டோஸை மறுபரிசீலனை செய்ய வேண்டும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்றாகச் சொல்லப்படும் மைக்கோஃபினோலேட் மாத்திரை கருவைப் பாதிக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தாக்குதல் அதிகம் என்பதால், ஊசித் தேதிகளையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

கண் வலியோடு மங்கல், கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு, எது புதிதாக வந்து 24 மணி நேரம் நீடித்தாலும் காத்திருக்காதீர்கள். மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை 1 கிராம் வீதம் 5 நாள் ஏற்ற வேண்டும்; பலன் குறைவென்றால் பிளாஸ்மா மாற்றத்தை (ஆன்டிபாடி உள்ள ரத்த நீரைப் பிரித்து மாற்றும் சிகிச்சை) தள்ளிப்போடக் கூடாது. இரண்டு நாளாக நிற்காத விக்கலும் வாந்தியும் கூட மூளைத்தண்டில் வந்த தாக்குதலாக இருக்கலாம். வயிற்று டாக்டரிடம் போனாலும், அக்காவுக்கு இந்த நோய் இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.