காய்ச்சலும் பாய்ச்சலும்: குறுவை வயலில் குழாய் வைத்துத் தண்ணீர் கட்டலாமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் 9 மா (சுமார் 3 ஏக்கர்) நிலத்தில் போர் தண்ணீரை நம்பிக் குறுவை நடுகிறேன். களி கலந்த வண்டல் மண். நட்டதிலிருந்து அறுப்புக்கு முன்பு வரை நான்கு விரல் தண்ணீர் நிற்க வைத்தே பழக்கம். நிற்கிற தண்ணீரால் மீத்தேன் வந்து பூமி சூடாகிறது, காயவிட்டுக் கட்டினால் பாதியாகக் குறையும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். காயவிட்டால் விளைச்சல் விழாதா? அதற்கென்று குழாய் வைக்கச் சொல்கிறார்களே, எப்படி? இப்படி வாயுவைக் குறைத்தால் அதற்குக் கார்பன் பணம் தருவதாக ஒரு கம்பெனியிலிருந்து வந்து கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: கூட்டத்தில் சொன்னது சரிதான். நட்டு ஒரு மாதம் ஆன வயலில் இறங்கிக் காலை அழுத்திப் பாருங்கள். குமிழ் குமிழாகக் காற்று வரும். அதில் மீத்தேன் இருக்கிறது. தண்ணீர் நின்ற சில நாளிலேயே மண்ணில் உள்ள பிராணவாயு தீர்ந்துவிடும். காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பழைய வேர், தாள், தழை எல்லாவற்றையும் மட்கச் செய்து மீத்தேனை விடுகின்றன. குமிழாக வெளியேறுவது கொஞ்சம்தான். நெல்லின் வேரிலும் தண்டிலும் காற்று போக உள்ளே துளைகள் இருக்கின்றன அல்லவா, அந்த வழியாகவே பெரும்பகுதி மேலே போகிறது. ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். கறுத்துப் போய் அழுகிய முட்டை வாடை அடித்தால் மண்ணில் காற்றில்லை என்று அர்த்தம். காற்றுப்பட்ட வயலில் வேர் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். காயவிடுவது பூமிக்காக மட்டுமல்ல, அந்த வேருக்காகவும்தான்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். தெற்காசியாவில் எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலுக்கு ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு) 2019-ல் தந்த அடிப்படை அளவு, எக்டருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். 100 நாளுக்குக் கணக்குப் போட்டால் ஏக்கருக்குச் சுமார் 34 கிலோ. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் ஏறக்குறைய 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆகவே ஒரு ஏக்கர் ஒரு போகத்தில் விடுவது 900 கிலோவுக்கு மேல், அதாவது 340 லிட்டர் டீசலை எரித்தால் வரும் அளவு. பலமுறை காயவிட்ட வயலுக்கு அதே ஐ.பி.சி.சி. தரும் பெருக்கெண் 0.55, அதாவது 100 கிலோ வரும் இடத்தில் 55 கிலோ. கிட்டத்தட்டப் பாதி குறைகிறது. மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டு போலத்தான் தங்கும் என்பதால், இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

விளைச்சல் விழுமா என்பதற்குப் பதில், எவ்வளவு காயவிடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. தண்ணீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை விட்டால் பயிருக்குத் தெரியவே தெரியாது, வேர் அங்கே எட்டிவிடும். அதைத் தாண்டிக் கடுமையாகக் காயவிட்ட சோதனைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விளைச்சல் போயிருக்கிறது. மேலே நின்று பார்த்து இந்த 15 செ.மீ.யைக் கண்டுபிடிக்க முடியாது. குழாய் அதற்காகத்தான்.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. 4 முதல் 6 அங்குல விட்டமுள்ள பிவிசி குழாயை 30 செ.மீ. துண்டாக அறுத்துக்கொள்ளுங்கள், மூங்கிலும் ஆகும். அதைவிடச் சிறிய குழாய் வேண்டாம், உள்ளே கைவிட்டு மண் எடுக்க முடியாது. கீழ்ப்பாதி 15 செ.மீ.க்கு மட்டும் சுற்றிலும் 5 மி.மீ. துளைகள், 2 செ.மீ. இடைவெளியில். துளை போட்ட பாதி முழுதும் மண்ணுக்குள் போக வேண்டும், மேல்பாதி வெளியே நிற்க வேண்டும். பிறகு குழாய்க்குள் இருக்கும் சேற்றை அடிவரை வழித்து எடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. சேறு உள்ளேயே கிடந்தால் தண்ணீர் மட்டம் கண்ணில் படாது. வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே, மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில் வையுங்கள். வரப்போரம் கசிவால் மட்டம் பொய் சொல்லும். தண்ணீர் கட்டிய சில மணி நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது, பிடுங்கிக் கழுவி மறுபடி நடுங்கள். மட்டம் வேறுபடும் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு குழாய் தேவை. வயல் சமமாக இல்லாவிட்டால் இந்த முறையே உதவாது. மேட்டில் காய்ந்து பள்ளத்தில் நிற்கும். முதலில் பரம்படிப்பைச் சரி செய்யுங்கள்.

நட்ட முதல் இரண்டு வாரம் காயவிடாதீர்கள், 2 முதல் 3 செ.மீ. தண்ணீர் இருக்கட்டும். நாற்று வேர் பிடிக்க வேண்டும், களையும் அமுங்க வேண்டும். மூன்றாம் நாள் களைக்கொல்லி போடுபவரானால் மெல்லிய தண்ணீர் நிற்கும்போது போட்டு, இரண்டு நாள் வடிக்காமல் வையுங்கள். களை மிகுந்த வயலென்றால் காயவிடுவதை மூன்று வாரம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். அதன்பின் 5 செ.மீ. கட்டுவது, குழாயின் அடியில் தண்ணீர் தீர்ந்ததும் மறுபடி 5 செ.மீ. கட்டுவது. உங்கள் மண்ணில் மழையில்லாத நாட்களில் ஒரு சுற்றுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம், மணல் பாங்கான இடத்தில் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். ஆகவே நாள் கணக்கு வேண்டாம், குழாயைப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு வரலாம், பரவாயில்லை. விரல் நுழையும் வெடிப்பு வந்துவிட்டால் தாமதித்துவிட்டீர்கள். அந்த வெடிப்பு வழியே தண்ணீர் கீழே ஓடிவிடும், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போகும்.

பூக்கும் காலத்தில் மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. 110 நாள் ரகத்தில் நட்டு 55 முதல் 60 நாளில் பூ வரும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை 5 செ.மீ. தண்ணீர் நிற்கவே வேண்டும். பூக்கும் வேளையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலே மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். அப்போது தண்ணீரும் இல்லாவிட்டால் கதிர் வெளுத்துவிடும். பால் பிடித்தபின் மறுபடி காய்ச்சலும் பாய்ச்சலும், அறுப்புக்குப் பத்து நாள் முன் நிறுத்திவிடலாம்.

இனி யூரியா. காயவிடும் முறை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், கூட்டங்களில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். நிற்கிற தண்ணீரில் யூரியாவை வீசிவிட்டு அடுத்த நாளே காயவிட்டால், தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும். மறுபடி தண்ணீர் கட்டும்போது அது வாயுவாகிப் பறந்துவிடும். அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடாக்குவது. மீத்தேனில் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியை அதில் இழப்பீர்கள், உரக்காசும் போகும். குழாய் காய்ந்து தண்ணீர் கட்டப்போகும் அன்று, ஈரமான ஆனால் தண்ணீர் நிற்காத மண்ணில் மேலுரத்தைத் தூவி, அன்றைக்கே பாய்ச்சுங்கள். தண்ணீரோடு யூரியா வேரடிக்கு இறங்கும். தேதி பார்த்துப் போடாமல், இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையில் 4-க்குக் கீழே வந்தால் போடுங்கள்.

காயவிட்டபின் இளம் இலை வெளிறினால் இரும்புச் சத்துக் குறையாக இருக்கலாம். லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து தெளியுங்கள். எலி வரப்பில் கூடும், கவனியுங்கள். உப்பு ஏறும் கடலோர நிலத்தில் இந்த முறை வேண்டாம், மண் காயும்போது உப்பு மேலே வந்துவிடும். சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவிடவே முடியாது. முறை வைத்து வாய்க்கால் தண்ணீர் விடும் இடத்தில், அடுத்த முறை எப்போது என்று தெரியாமல் காயவிடுவதும் ஆபத்து. மடை உங்கள் கையில் இருக்கும் போர் பாசனக் குறுவைக்கும் கோடைப் பயிருக்கும்தான் இது பொருந்தும். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. என்பது 2 லட்சம் லிட்டர். விநாடிக்கு 10 லிட்டர் தள்ளும் மோட்டார் ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும். நான்கு பாய்ச்சல் குறைந்தாலே போரில் தெரியும்.

குறுவைத் தாளை அறுத்த கையோடு மடக்கி உழுது தாளடி (குறுவையை அடுத்து வரும் நெல்) நடுவதையும் விடுங்கள். தண்ணீர் கட்டுவதற்கு முந்திய 30 நாளுக்குள் சேர்த்த பச்சைத் தாளோடு ஒப்பிட்டால், அதற்கும் முன்பே உழுத தாள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே மீத்தேனைக் கூட்டுகிறது. குறுவைக்கும் தாளடிக்கும் இடையே அவ்வளவு நாள் கிடைக்காது. அதனால் வைக்கோலைக் கட்டி மாட்டுக்கோ மட்கு உரத்துக்கோ எடுத்துவிடுங்கள், எரிக்காதீர்கள்.

கார்பன் பணத்துக்காக இதைத் தொடங்க வேண்டாம். ஏக்கருக்கு நீங்கள் குறைப்பது ஒரு போகத்தில் 400 கிலோ சொச்சம், அரை டன்கூட இல்லை. கார்பன் சந்தையில் விலை பேசுவது டன் கணக்கில். கார்பன் திட்டங்களுக்குச் சான்றளிக்கும் வெரா அமைப்பே சீனத்தின் 37 நெல் திட்டங்களை 2024-ல் நிராகரித்தது. கையெழுத்துப் போடும் முன் தமிழில் எழுதிய ஒப்பந்தத்தைக் கேளுங்கள்: எத்தனை ஆண்டு, டன்னுக்கு உங்கள் பங்கு எவ்வளவு, எப்போது கிடைக்கும், நடுவில் விலகினால் அபராதம் உண்டா, குறைத்த வாயுவுக்கான கார்பன் வரவு (கிரெடிட்) யார் பெயரில். இதில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் போடாதீர்கள். போட்டாலும் போடாவிட்டாலும் நட்ட தேதி, காய்ந்த தேதி, கட்டிய தேதி, உரம் போட்ட தேதி ஆகியவற்றை நோட்டில் எழுதி, குழாய் காயும் ஒவ்வொரு முறையும் உள்ளே அளவுகோலை நிறுத்தித் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். அடுத்த குறுவையில் எந்த வயல் எத்தனை நாள் தாங்கும் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.