ஷெல் ஸ்கிரிப்டில் ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டுவது எப்படி?

கேள்வி: 800 படங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கும் பாஷ் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். நாலைந்து படங்கள் சேர்ந்தே ஓடட்டும் என்று லூப்பில் கட்டளையின் கடைசியில் & சேர்த்தேன். கணினி திணறிவிட்டது. சில படங்கள் சுருங்கவே இல்லை. ஆனால் ஸ்கிரிப்ட் 0 (வெற்றி) என்றுதான் முடிகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: & போட்டால் ஷெல் அந்தக் கட்டளையைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டு, அது முடிந்ததா என்று பார்க்காமல் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் 800 ப்ராசஸ்களும் (ஓடும் நிரல்களும்) நினைவகத்துக்கு அடித்துக்கொள்ளும். இடம் தீர்ந்ததும் இயங்குதளத்தின் மையமான கர்னல் சிலவற்றைக் கொன்றுவிடும். சுருங்காத படங்கள் பெரும்பாலும் அப்படிப் போனவைதான். வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். ஒவ்வொன்றின் முடிவையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு படத்துக்கு ஒரே கட்டளைதான் என்றால் லூப்பே வேண்டாம். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் -பிரிண்ட்0 தரும் பெயர்களை, அவற்றைக் கட்டளைக்கு ஊட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் -0 -என் 1 -பி 4 என்பதற்குக் கொடுங்கள் (பி பெரிய எழுத்து). ஒரு தடவைக்கு ஒரு பெயர், ஒரே நேரத்தில் நாலு வேலை என்று பொருள். -என் 1 விட்டுப்போனால் எல்லாப் பெயர்களும் ஒரே கட்டளைக்குப் போய்ச் சேரலாம். '-பி போட்டும் வேகமாகவில்லை' என்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். -பி 0 என்றால் வரம்பே இல்லை, பழைய சிக்கல்தான். கட்டளைகளில் ஏதாவது ஒன்று 1 முதல் 125 வரையிலான எண்ணோடு தோற்றால் குனு எக்ஸ்ஆர்க்ஸ் 123 என்று முடியும். கர்னல் கொன்றால் வேறு எண் வரும். அதனால் எக்ஸ்ஆர்க்ஸ் முடிந்த எண் 0 தானா என்று ஸ்கிரிப்ட் பார்த்தாலே போதும்.

ஒரு படத்துக்கு நாலு படிகள் இருந்தால் லூப் வேண்டும். பாஷ் 4.3 முதல் வெயிட் -என் உண்டு. பின்னணி வேலைகளில் ஏதாவது ஒன்று முடியும்வரை அது காத்திருக்கும். புதிய வேலையைத் தொடங்கும் முன் ஜாப்ஸ் -ஆர்பி காட்டும் வரிகளை எண்ணுங்கள் (ஓடும் வேலை ஒன்றுக்கு ஒரு வரி). எண்ணிக்கை வரம்பைத் தொட்டிருந்தால் வெயிட் -என், மறுபடி எண்ணிக்கை. நீங்களே ஒரு மாறியில் கூட்டிக் கழிப்பதைவிட இது உறுதியானது. கடைசியில் மிச்சமுள்ளவற்றுக்காக ஒரு வெறும் வெயிட். மேக்கில் கூடவே வரும் பாஷ் 3.2 என்பதால் அங்கே வெயிட் -என் கிடையாது, எக்ஸ்ஆர்க்ஸ்தான் வழி.

அந்த வெறும் வெயிட் எத்தனை வேலைகள் தோற்றாலும் 0 தான் தரும். தோல்வி கண்டதும் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் -இ போட்டிருந்தாலும் பின்னணியில் நடந்த தோல்வி அதன் கண்ணில் படாது. ஆகவே தற்காலிக அடைவு ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு வேலையும் கடைசிப் படி வெற்றி பெற்றதும் லூப் எண்ணின் (எத்தனையாவது சுற்று) பெயரில் அதில் ஒரு காலிக் கோப்பைப் போடட்டும். தோல்விக்கு அடையாளம் வைக்காதீர்கள்: கர்னல் கொன்ற வேலையால் 'நான் தோற்றேன்' என்று எழுத முடியாது. எந்த எண்ணுக்குக் கோப்பு இல்லையோ அந்தப் படம் தோற்றது. ஒன்று குறைந்தாலும் எக்சிட் 1 (தோல்வி).

இன்னொரு பொறி: ஃபைண்டின் வெளியீட்டைப் பைப் வழியாக வொயில் ரீட் லூப்புக்குக் கொடுத்தால் லூப் தனி சப்ஷெல்லில் (கிளை ஷெல்லில்) ஓடும். வெளியே உள்ள வெயிட்டுக்கு அங்கே தொடங்கிய வேலைகளைத் தெரியாது. காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும். பைப்புக்குப் பதிலாக, லூப் முடியும் இடத்தில் < <( ) வடிவில் ஃபைண்டைக் கொடுங்கள்.

திரையில் வரும் செய்திகள் கலந்துபோகும். ஒவ்வொரு வேலையின் வெளியீட்டையும் தனிக் கோப்புக்குத் திருப்பி, முடிந்தபின் காட்டுங்கள். கோப்புப் பெயரில் $$ (ஸ்கிரிப்டின் ப்ராசஸ் எண்) வேண்டாம். எல்லா சப்ஷெல்லிலும் அது ஒரே எண்தான், ஒன்றின் மேல் ஒன்று எழுதும். இங்கும் லூப் எண்ணே போதும்.

கண்ட்ரோல்-சி அழுத்தினால் ஸ்கிரிப்ட் நிற்கும்; & போட்ட வேலைகள் அந்த சிக்னலைப் புறக்கணித்துத் தொடர்ந்து ஓடும். $! காட்டும் எண்ணுள்ள பின்னணி வேலையைக் கொன்றாலும் சாவது சப்ஷெல் மட்டுமே, உள்ளே சுருக்கிக்கொண்டிருக்கும் நிரல் பிழைத்துக்கொள்ளும். சிக்னல் வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லும் ட்ராப்பில், முதலில் டெர்ம் (நிறுத்து) சிக்னலை ஸ்கிரிப்ட் புறக்கணிக்கச் சொல்லி, பிறகு கில் 0 கொடுத்தால் அதன் ப்ராசஸ் குழு முழுவதும் நிற்கும். வேறொரு ஸ்கிரிப்ட் உங்களுடையதை அழைத்தால் அதுவும் அதே குழுவில் இருக்கக்கூடும், கவனம். பாதியில் நின்ற படம் முழுப் படம்போல் கிடக்காமலிருக்க, தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் எம்வி கட்டளையால் பெயரை மாற்றுங்கள்.

எத்தனை வேலைகள்? என்ப்ராக் கட்டளை காட்டும் எண்ணிலிருந்து (செயலிக் கருக்களின் எண்ணிக்கை) தொடங்கலாம். ஆனால் ஒரு படத்துக்கு உச்சத்தில் 1.5 ஜிபி நினைவகம் தேவைப்பட்டால், 8 ஜிபி கணினியில் 4க்கு மேல் போகாதீர்கள். சுருக்கும் நிரல் தானே பல த்ரெட்களில் ஓடுவதாக இருந்தால் த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள்; இல்லாவிட்டால், ஒன்றுக்கு 4 த்ரெட் என்றால் 4 வேலைகள் 16 ஆகும். வரம்பை ஸ்கிரிப்டின் விருப்பத் தேர்வாக வைத்து, இயல்பு மதிப்பை 1 என்றே விடுங்கள். பிழை தேடும்போது ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க அது உதவும்.