சிட்னியில் சீன எலக்ட்ரிக் கார் வாங்கலாமா? புதுசா வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்க கேட்டது இது. சிட்னிக்கு வந்து மூணு மாசம் ஆகுது, 482 விசா (கம்பெனி ஸ்பான்சர் பண்ற வேலை விசா), வென்ட்வொர்த்வில்ல வாடகை யூனிட். நோவேட்டட் லீஸ்ல, அதாவது ஆபீஸே சம்பளத்துல பிடிச்சு தவணை கட்டற லீஸ்ல, எலக்ட்ரிக் கார் எடுத்தா வரி மிச்சம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. ரோட்டுல எங்க பார்த்தாலும் பிஒய்டி, எம்ஜின்னு சீனக் கம்பெனி வண்டிகள்தான். கோயம்புத்தூர்ல இருந்து மாமனார், "சீனாக்காரன் வண்டி, ரெண்டு வருஷத்துல கடையைக் கட்டிட்டுப் போயிடுவான்"னு பயமுறுத்தறார். வாங்கலாமா, வேண்டாமா?

மாமனார் சொல்றதுல பாதி சரி. நான் 2008-ல இங்க வந்தேன். அடுத்த வருஷமே கிரேட் வால்ங்கற சீனக் கம்பெனி வண்டிகள் வந்து இறங்குச்சு, 2011-ல செரிங்கற (Chery) இன்னொரு சீனக் கம்பெனி. விலை மட்டும்தான் அதுல கவர்ச்சி. 2012-ல அந்த ரெண்டு கம்பெனி வண்டிகளோட எஞ்சின், எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டுகள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னு தெரிஞ்சு, சுமார் 23,000 வண்டியைத் திரும்ப அழைச்சாங்க. ஆஸ்பெஸ்டாஸை அடியோட தடை பண்ணின நாடு இது. அந்த அடியில சீன வண்டிங்கற பேரே கெட்டுச்சு. செரி கொஞ்ச வருஷத்துல கண்ணுல படாமலே போச்சு.

அதே செரி 2023-ல மறுபடி வந்துச்சு. கிரேட் வால் இப்ப ஜிடபிள்யூஎம்னு பேரைச் சுருக்கிக்கிட்டு நல்லாவே விக்குது. பிஒய்டி 2024-ல இங்க வித்தது 20,000 சொச்சம், 2025-ல 50,000-க்கு மேல. மேஸ் ஹில் முருகன் கோயில்ல தைப்பூசத்தன்னிக்கு கார் பார்க்கைச் சுத்தி வந்தாலே போதும், பத்து வருஷத்துக்கு முன்னாடி கொரோலாவும் கேம்ரியுமா நின்ன இடத்துல இப்ப என்ன நிக்குதுன்னு தெரிஞ்சிடும்.

இந்தத் தடவை நிலைமை வேற. முதல் காரணம், ஆஸ்திரேலியாவுக்குக் காப்பாத்திக்கச் சொந்தக் கார் தொழிற்சாலை இல்லை. அடிலெய்டு பக்கத்துல எலிசபெத்ல ஹோல்டன் ஆலை 2017 அக்டோபர்ல மூடினதோட அந்தக் கதை முடிஞ்சது. சீனாவோட போட்ட வர்த்தக ஒப்பந்தத்தால அங்கிருந்து வர்ற காருக்கு இறக்குமதி வரியும் கிடையாது. அமெரிக்கா 2024-ல சீன எலக்ட்ரிக் காருக்கு 100 சதவீத வரி போட்டுக் கதவைச் சாத்திடுச்சு. ஐரோப்பா அதே வருஷம் அக்டோபர்ல வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல பிஒய்டிக்கு 17, எம்ஜியை வெச்சிருக்கற எஸ்ஏஐசிக்கு 35.3 சதவீதம்னு சேர்த்துச்சு. சீனாவுக்குள்ளயோ வண்டிகள் தேவைக்கு மேல குவிஞ்சு விலைச் சண்டை நடக்குது. அணை நிரம்பினா திறந்திருக்கற மதகு வழியாத்தானே தண்ணி வரும்? ஸ்டீயரிங் வலது பக்கம் வெச்ச வண்டியை தாய்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் எப்படியும் செய்யறாங்க. அதையே நமக்கும் கப்பல் ஏத்தறாங்க, அவ்வளவுதான். சொல்லப்போனா இங்க ஓடற டெஸ்லா மாடல் 3-யும் மாடல் ஒய்-யும்கூட பெரும்பாலும் ஷாங்காய்ல செஞ்சதுதான். அதை ஓட்டறவங்ககிட்ட "சீன வண்டியா?"ன்னு கேட்டுப் பாருங்க, முகம் மாறும்.

ஆனா, கடை விரிச்சிருக்கற எல்லாரும் நிலைக்கப் போறதில்லை. வருஷத்துக்கு மொத்தமா சுமார் பன்னிரண்டு லட்சம் புது வண்டி விக்கற நாடு இது. மாசத்துக்கு ஒரு புதுப் பேரு வந்தா எங்க போகும்? கொரியாக்காரங்க கதையைப் பாருங்க. 1986-ல எக்ஸெல் காரோட வந்த ஹூண்டாய் நின்னுச்சு. 1994-ல வந்த தேவூ பத்து வருஷத்துல பேரைச் சுருட்டிக்கிட்டுப் போச்சு. என் கணக்குல பிஒய்டி, எம்ஜி, ஜிடபிள்யூஎம் மூணும் இருக்கும், செரியும் இந்தத் தடவை இருக்கும். ரெண்டு மூணு ஷோரூமை மட்டும் திறந்துட்டு டேப்லெட்டைக் காட்டி விக்கற பேருகளை நான் தொட மாட்டேன்.

சரி, உங்க மாமனார் சொல்லாத ஆபத்து ஒண்ணு இருக்கு. கம்பெனி ஓடிப்போறதைவிட, கம்பெனி இங்கேயே இருந்து விலையைக் குறைக்கறதுதான் உங்களைக் கடிக்கும்.

நோவேட்டட் லீஸ்ல எலக்ட்ரிக் காருக்கு எஃப்பிடி வரி (ஊழியருக்குக் குடுக்கற சலுகைகள் மேல போடற வரி) விலக்கு 2022 ஜூலையில இருந்து இருக்கு. நல்ல சலுகைதான். ஆனா லீஸ் முடியறப்ப ஒரு மீதித் தொகை நிக்கும், ரெசிடுவல்னு சொல்வாங்க. அதோட குறைந்தபட்ச அளவை வரி அலுவலகமே வெச்சிருக்கு: ரெண்டு வருஷ லீஸ்னா 56.25 சதவீதம், மூணு வருஷம்னா 46.88, அஞ்சு வருஷம்னா 28.13. பிஒய்டி டால்ஃபின் 2023-ல வந்தப்ப ஆரம்ப விலை 38,890 டாலர். ரெண்டு வருஷ லீஸ்ல எடுத்தவருக்குக் கடைசியில தோராயமா 21,900 பாக்கி. 2025-ல அதே டால்ஃபின்ல ஆரம்ப மாடல் 29,990-க்கு வந்துடுச்சு. புதுசே அந்த விலைக்குக் கிடைக்கறப்ப, ரெண்டு வருஷம் ஓடின வண்டிக்கு 21,900 குடுக்க ஆள் தேடணும். குறைஞ்சு வித்தா வித்தியாசம் உங்க பாக்கெட்ல இருந்துதான். கம்பெனி கட்டாது, ஆபீஸும் கட்டாது.

482-ல இருக்கறவங்களுக்கு இது இன்னும் கூர்மை. வேலை போனா லீஸ் தவணை உங்க தலையில விழும், புது ஸ்பான்சர் தேட 180 நாள் கெடு ஓடிக்கிட்டிருக்கும். அந்த நேரத்துல வண்டியை அவசரமா விக்க நேர்ந்தா எவ்வளவு துண்டு விழும்னு முதல்லயே கணக்குப் போட்டு வெச்சுக்குங்க. லீஸ் ஏஜென்ட் காட்டற பளபளப்பான அட்டவணையில "வரி மிச்சம்" பெரிய எழுத்துல இருக்கும், ரெசிடுவல் கீழ ஒரு ஓரத்துல இருக்கும். அந்த ஓரத்தைத்தான் நீங்க முதல்ல படிக்கணும்.

அடுத்தது பாகங்கள். நானும் ஒரு சீன எலக்ட்ரிக் கார்தான் வெச்சிருக்கேன், எந்த பிராண்டுன்னு சொல்ல வேண்டாம். ஷாப்பிங் சென்டர் பார்க்கிங்ல ஒருத்தர் பின்னாடி இடிச்சார். சின்ன இடிதான். பின் பம்பரும் அதுக்குள்ள இருக்கற ஒரு சென்சாரும் கப்பல்ல வந்து சேர பதினோரு வாரம். இன்ஷூரன்ஸ் குடுத்த வாடகைக் கார் மூணு வாரத்தோட முடிஞ்சது. மீதி எட்டு வாரம் பையனை கிரிக்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போக பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கெஞ்சினேன். வண்டி ஓட்ட அருமையா இருக்கு, பேட்டரியில ஒரு குறையும் இல்லை. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி இடிபட்ட வண்டியைச் சரிபண்ற ஒரு பேனல் ஷாப்ல போய், "இந்த வண்டிக்கு பம்பர் எத்தனை நாள்ல வரும்?"னு கேட்டிருக்கணும். ஷோரூம்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

பாதுகாப்பை நாட்டை வெச்சு முடிவு பண்ணாதீங்க, மாடலை வெச்சுப் பாருங்க. புது கார்களை மோத விட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கற ஆன்கேப் அமைப்போட சோதனையில பிஒய்டி ஆட்டோ 3-க்கு அஞ்சு ஸ்டார். அதே ஆன்கேப் 2023 கடைசியில எம்ஜி 5-க்கு ஒரு ஸ்டார்கூடக் குடுக்கலை. அது பெட்ரோல் வண்டி, எம்ஜி 4 எலக்ட்ரிக்குக்கு அஞ்சு ஸ்டார். வாரண்டியையும் நுணுக்கமாப் படிங்க. எம்ஜி பத்து வருஷம்னு விளம்பரம் பண்றது, அவங்க டீலர்கிட்டயே சர்வீஸ் பண்ணினாத்தான்.

யூனிட்ல இருக்கீங்க, உங்க பார்க்கிங்ல பவர் பாயிண்ட் இருக்கான்னு பாருங்க. சாதாரண பிளக்ல ராத்திரி பூரா போட்டா நூறு நூத்தியிருபது கிலோமீட்டர் ஏறும், ஆபீஸ் போய்வர அது தாராளம். பவர் பாயிண்டே இல்லைன்னா, ஸ்ட்ராட்டாகிட்ட (யூனிட் ஓனர்கள் சங்கம்) அனுமதி வாங்கி முடிக்கறதுக்குள்ள உங்க விசாவே முடிஞ்சிடும். அப்படின்னா இந்தப் பேச்சை இப்போதைக்கு விட்டுடுங்க.

நான் உங்க இடத்துல இருந்தா புதுசு எடுக்க மாட்டேன். ரெண்டு மூணு வருஷம் ஓடின ஆட்டோ 3-யோ எம்ஜி 4-ஓ தேடுவேன். 2022 ஜூலை 1-க்கு அப்புறம் முதல்முறையா ரோட்டுக்கு வந்த எலக்ட்ரிக் கார், லக்ஷரி கார் வரி வரம்புக்குள்ள வித்ததுன்னா, பழசுக்கும் அந்த எஃப்பிடி விலக்கு உண்டு. இதை ஏஜென்ட் தானா சொல்ல மாட்டார், நீங்கதான் கேட்கணும். விலை விழுந்த நஷ்டத்தை முதல் ஓனர் ஏற்கெனவே சுமந்துட்டார். ஆட்டோ 3-ன்னா பேட்டரி வாரண்டி எட்டு வருஷத்துல இன்னும் அஞ்சு ஆறு வருஷம் மிச்சம் இருக்கும். லீஸ் கொட்டேஷன் வந்ததும் ரெசிடுவல் தொகையை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்க, உட்கார்ந்து பார்த்துச் சொல்றேன்.