நியூரோஃபீட்பேக் நாற்காலியில் 20 அமர்வுகள்: கண்டதும், அதற்கு முன்பே செய்திருக்க வேண்டியதும்

அன்றாடப் பழக்கங்களாலும் நியூரோஃபீட்பேக் எனும் மூளையலைப் பயிற்சியாலும் மூளையை நலமாக வைத்துக்கொள்ள முடியுமா, பயிற்சி எடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எடுத்திருக்கிறேன். நாற்பத்தெட்டாவது வயதில், இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டி விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதும், பகலில் ஒரே பத்தியை மூன்று முறை படித்தும் மனத்தில் பதியாமல் போவதும் வழக்கமாகிவிட்டன. அப்போது, வாரத்துக்கு இரண்டு வீதம் பத்து வாரங்களில் 20 அமர்வுகளை முடித்தேன். நான் மருத்துவன் அல்லன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், அதன் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தவன், அவ்வளவுதான்.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உச்சந்தலையில் முடியை விலக்கிச் சொரசொரப்பான ஒரு பசையைத் தேய்த்து, அதன்மேல் மூளையின் மின்னலைகளை உணரும், சட்டைப் பொத்தான் அளவுள்ள மின்முனையை ஒட்டுவார்கள். காது மடல்களில் கவ்விகளை மாட்டுவார்கள். எதிரே திரையில் ஒரு காணொளி ஓடும். பயிற்சியாளர் குறித்துவைத்த அலைவரிசையில் மூளையின் மின்னலைகள் இருக்கும்போது படம் பளிச்சென்று தெரியும், விலகினால் மங்கும். படத்தைத் தெளிவாக வைத்துக்கொள்வது மட்டுமே நமது வேலை; அதை எப்படிச் செய்வது என்று எவராலும் வார்த்தையில் சொல்லித்தர முடியாது. மூன்றாவது அமர்வில் படம் விடாமல் மங்கிக்கொண்டே இருந்தது. எரிச்சலோடு நான் இன்னும் கூர்ந்து பார்க்க, அது இன்னும் மங்கியது. பயிற்சியாளர் அருகில் வந்து, "பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள், தாடையைத் தளர்த்துங்கள்" என்றார். தளர்த்திய கணத்தில் படம் தெளிந்தது. மூளையைப் பயிற்றுவிப்பதாக நினைத்துக்கொண்டு அதுவரை நான் தாடைத் தசையோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இது வேடிக்கைக்காகச் சொன்னதன்று. தலைத்தோலில் கிடைக்கும் மூளையின் சமிக்ஞை ஒரு வோல்ட்டில் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்கு அளவே உடையது. கண் இமைப்பதும், நெற்றியைச் சுருக்குவதும், பல்லைக் கடிப்பதும் அதைக் காட்டிலும் பல மடங்கு பெரிய சமிக்ஞைகளை எழுப்பிவிடும். இந்தக் கலப்படத்தைப் பிரித்தறியத் தெரியாதவரிடம் பயிற்சி எடுத்தால் என்ன பயிற்றுவிக்கப்படுகிறது என்பதே தெரியாமல் போகும்.

இந்த முறைக்குப் பின்னால் கௌரவமான வரலாறு உண்டு. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்து, 1929இல் அதை வெளியிட்டார். கண்ணை மூடியதும் வினாடிக்குப் பத்துச் சுழற்சி அளவில் எழும் ஆல்ஃபா அலையைக் கண்டு சொன்னவரும் அவரே. 1960களில் கலிஃபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன், வினாடிக்கு 12 முதல் 15 சுழற்சி உள்ள அலை எழும்போதெல்லாம் பூனைகளுக்கு உணவு கொடுத்துப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையை ஆராயும் வேறொரு சோதனையில் அதே பூனைகளையும் பயன்படுத்தியபோது, பழக்கப்படாத பூனைகளைவிட இவை வலிப்பை அதிகம் தாக்குப்பிடித்தன. பூனைக்கு நம்பிக்கையோ எதிர்பார்ப்போ கிடையாது என்பதால், அந்த முடிவை மனப்பிராந்தி என்று எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இத்துறை முழுவதும் அந்த வியப்பிலிருந்து வளர்ந்தது என்று சொல்லலாம்.

மனிதர்களிடம் வரும்போது கதை சிக்கலாகிறது. கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் உள்ள 140க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவுக்கு உண்மையான பயிற்சியும், மற்றொரு பிரிவுக்கு ஏற்கெனவே பதிந்துவைத்த வேறொருவரின் மூளையலைகளைக் கொண்டு போலிப் பயிற்சியும் தரப்பட்டன. எந்தக் குழந்தைக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது. இரு பிரிவினரும் நன்றாகவே தேறினர். இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தூக்கமின்மைக்காக ஆஸ்திரியாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்விலும் ஏறக்குறைய இதே முடிவுதான். அமைதியாக உட்காருவது, ஒருவர் நம்மீது அக்கறையோடு கவனம் வைப்பது, குறித்த நேரத்துக்குத் தவறாமல் போவது, சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஆகியவை தரும் நன்மை மெய்யானதுதான். ஆனால் அதற்கு மின்முனை அவசியமா என்பதே கேள்வி.

எனக்குத் தூக்கம் மேம்பட்டது. அதற்கான பெருமையை யாருக்குக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. அதே பத்து வாரங்களில், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்தேன், மதியத்துக்குப் பிறகு காபியை நிறுத்தினேன், தூக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே புரண்டுகொண்டிராமல் எழுந்து வேறு அறைக்குப் போனேன். இவையும் அந்தப் பயிற்சி நிலையத்தினர் சொன்னவையே. இவை மட்டும் போதுமானவையாக இருந்திருக்குமோ என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை. ஒரு மனக்குறையும் உண்டு. முதல் நாளே என் மூளையின் வண்ணப்படம் ஒன்றை நீட்டி, சிவப்பாக இருக்கும் பகுதிகள் எல்லாம் கோளாறு என்றார்கள். முந்தைய இரவு நான் மூன்று மணி நேரமே தூங்கியிருந்தேன் என்பதை எவரும் கேட்கவில்லை. அரைத்தூக்கத்தில் இருப்பவனின் மூளையலைகள் மந்தமாகத்தான் இருக்கும். அதைப் படம் பிடித்துக் காட்டிப் பயமுறுத்துவது நேர்மையன்று.

இனிப் பழக்கங்களுக்கு வருகிறேன். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கவனித்தால் மறதி நோயில் (டிமென்ஷியா) ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. புகை, அளவுமீறிய மது, சர்க்கரை நோய், உடற்பருமன் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விளக்க வேண்டியதில்லை. பட்டியலில் பலரும் எதிர்பார்க்காத ஒன்று காது கேளாமை.

அதை என் வீட்டிலேயே பார்த்தேன். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நாங்கள் அனைவரும் முடிவு கட்டியிருந்தோம். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் தலையாட்டுவார், நாலு பேர் கூடிப் பேசினால் எழுந்து போய்விடுவார், காலையில் சொன்னதை மாலையில் சொல்லவேயில்லை என்பார். ஒரு நாள் அவருக்குப் பின்னால் நின்று நான் கூப்பிட்டபோது அவர் திரும்பவே இல்லை. முன்னால் வந்து வாயசைத்த பிறகே பதில் சொன்னார். செவித்திறன் பரிசோதனையில் இரு காதிலும் உயர் சுருதி ஒலிகள் பெரும்பாலும் கேட்கவில்லை என்று தெரிந்தது. காதில் விழாத சொல்லை எப்படி நினைவில் வைத்திருப்பார்? கருவி மாட்டிய முதல் இரண்டு வாரம் "பாத்திரச் சத்தம் மண்டையைப் பிளக்கிறது" என்று திட்டித் தீர்த்தார். மூன்றாவது வாரத்திலிருந்து பேச்சில் கலந்துகொண்டார். காது மந்தமானால் பேச்சைப் புரிந்துகொள்ளவே மூளை தன் உழைப்பைச் செலவிடுகிறது. ஆள் மெல்ல ஒதுங்கத் தொடங்குகிறார். அந்தத் தனிமையும் அதே 14 காரணிகளில் ஒன்று.

அடுத்தது நடு வயதின் இரத்த அழுத்தம். வலிக்காது, தெரியாது, ஆனால் மூளையின் உள்ளே மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் கெடுத்துக்கொண்டிருக்கும். மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற ஸ்பிரின்ட் மைண்ட் என்ற அமெரிக்க ஆய்வில், 140க்குக் கீழே என்ற இலக்கை வைத்திருந்தவர்களைவிட இலேசான அறிவாற்றல் குறைபாடு ஏற்படுவது 19 விழுக்காடு குறைந்தது. உங்களுக்கான இலக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அளந்து பார்ப்பது உங்கள் பொறுப்பு.

நடையைப் பற்றி ஒன்றே ஒன்று. முதியவர்கள் 120 பேரைக் கொண்டு நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டு விறுவிறுப்பாக நடந்தவர்களுக்கு நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது. நீட்டிப்புப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் மழை நாளில் சோம்பல் வரும்போது அந்த எண்ணே என்னை எழுப்பிவிடுகிறது.

எனவே உங்களுக்கு என் யோசனை இதுதான்: இரத்த அழுத்தம், சர்க்கரை, காது, தூக்கம் ஆகியவற்றை முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறட்டையும் பகல் உறக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் நியூரோஃபீட்பேக்கில் ஆர்வம் இருந்தால், எந்த அலையை, எதற்காக, எத்தனை அமர்வுகளில் மாற்றப்போகிறீர்கள், பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். மறதி நோயைத் தடுக்கும், மருந்தை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வலிப்பு இருந்தாலோ மனநல மருந்து உட்கொண்டாலோ உங்கள் மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்க வேண்டாம்.

நான் மீண்டும் போகவில்லை. ஆனால் இப்போதும் கணினி முன் உட்கார்ந்து ஏதாவது சிக்கலில் மாட்டிக்கொண்டால், பற்களைக் கடித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிகிறது. தளர்த்திவிட்டு வேலையைத் தொடர்கிறேன்.