ஜெர்மனியில் திருமணம்: அப்போஸ்டில் பணத்தை இப்போதே கட்டாதீர்கள்

தாசில்தார் தந்த திருமணமாகாதவர் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (நம் ஆவணத்தை வெளிநாடுகள் ஏற்பதற்கான சான்று முத்திரை) வாங்கினால் ஜெர்மனியில் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். அப்போஸ்டில் உடன்படிக்கை 2005இல் இந்தியாவுக்கு நடைமுறைக்கு வந்தது உண்மைதான். ஆனால் ஜெர்மனி அதற்கு ஆட்சேபம் தெரிவித்ததால் இரு நாடுகளுக்கும் இடையே அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. அந்த முத்திரையை ஏற்கும் இத்தாலிக்குப் போகிறவருக்குச் சொல்லவேண்டியதை உங்களிடம் சொல்லியிருக்கிறார் போலும்!

முதலில் உங்கள் வருங்கால மனைவி, தம் ஊர் ஸ்டாண்டெஸாம்ட் எனப்படும் பதிவகத்தில் தேவையான ஆவணங்களின் பட்டியலை எழுத்தில் வாங்கட்டும். ஊருக்கு ஊர் அது மாறும். திருமணத்துக்குத் தடையில்லை என்று சொந்த நாடு தரும் திருமணத் தகுதிச் சான்றை இந்தியா தருவதில்லை என்பதால், அதிலிருந்து விலக்குக் கேட்டு அந்தப் பதிவகம் வழியாகவே ஜெர்மனியின் மாநில உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் போகும். ஆவணங்கள் உண்மையா என்று பார்க்க, ஜெர்மன் அலுவலகம் கேட்டுக்கொண்டால் இங்குள்ள அவர்களின் தூதரகம் வழக்கறிஞரை வைத்து விசாரிக்கும். நீங்களாக நேரே விண்ணப்பிக்க முடியாது. செலவு உங்களுடையது, மாதக்கணக்கில் ஆகும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

விசாரணைக்கு வருபவர் அக்கம்பக்கத்திலும் கேட்கக்கூடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பெரியவர்கள் பதறிப்போவார்கள். இன்னொன்று, நம் முன்னெழுத்துத் தொல்லை. கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாகவும் பிறப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தால் அதை இப்போதே சரிசெய்யுங்கள்.