5 மணி நேரத்தில் நின்றுவிடும் கேமரா

கேள்வி: தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் சிவப்பு மிதவையை, ஈஎஸ்பி32-கேம் என்ற சிறு கணினிப் பலகையின் ஓவி2640 கேமராவால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கிறேன். அளவு 320×240, ஆர்ஜிபி565 (சுருக்கப்படாத நிற வடிவம்), இரண்டு ஃப்ரேம் பஃபர்கள் (படத்தைத் தாங்கும் நினைவக இடங்கள்). நிறத்தைப் பார்த்து மட்டத்தைக் கணித்தபின், ஜேபெக்காக மாற்றி வைஃபையில் அனுப்புகிறேன். ஏறக்குறைய 5 மணி நேரத்தில் படம் வருவது நின்றுவிடுகிறது; ரீசெட் செய்தால் ஓடுகிறது. காலி நினைவகத்தைச் சொல்லும் கெட்ஃப்ரீஹீப் காட்டும் எண்ணோ குறையவே இல்லை. சென்சார் சூடாகிறதா? நிரலை இணைத்துள்ளேன்.

பதில்: சூடுதான் காரணம் என்றால் நிற்கும் நேரம் பகலுக்கும் இரவுக்கும் மாறும். ஒவ்வொரு முறையும் அதே 5 மணி நேரம் என்பது நினைவகக் கசிவின் அடையாளம்; அதாவது எடுத்த நினைவகத்தை நிரல் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போகிறது. நீங்கள் பார்த்துவந்த எண் ஈஎஸ்பி32 சிப்பின் உள்நினைவகத்தை மட்டுமே காட்டும். கசிவு நடப்பது பலகையில் தனிச் சிப்பாக இருக்கும் கூடுதல் நினைவகமான பிஎஸ்ரேமில். அதற்குரிய கெட்ஃப்ரீபிஎஸ்ரேம் எண்ணை ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அச்சிட்டால் சரிவு கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் நிரலில், ஜேபெக்காக மாற்றும் ஃப்ரேம்2ஜேபிஜி செயற்கூறு திருப்பித் தரும் பஃபரை எங்குமே ஃப்ரீ செய்யவில்லை (விடுவிக்கவில்லை). படம் 8 கிலோபைட்தானே என்று எண்ண வேண்டாம். அந்தச் செயற்கூறு படத்தின் அளவைப் பாராமல் 128 கிலோபைட் ஒதுக்கிக்கொள்கிறது. பயன்படுத்தக்கூடிய பிஎஸ்ரேம் 4,096 கிலோபைட். அதில் ஃப்ரேம் பஃபர்கள் இரண்டும் சேர்ந்து 300 கிலோபைட் எடுத்துக்கொண்டால், மீதி 29 படங்களுக்குத்தான் போதும். 10 நிமிடத்துக்கு ஒன்றாக 29 படங்கள் என்றால் 5 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் சொன்ன நேரமும் அதுவே.

இரண்டாவது பிழை இதன் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஜேபெக் மாற்றம் தோற்றால் உங்கள் நிரல் ரிட்டர்ன் என்று உடனே வெளியேறுகிறது. கையிலிருந்த ஃப்ரேமை ஈஎஸ்பி_கேமரா_எஃப்பி_ரிட்டர்ன் வழியாகத் திருப்பித் தரவில்லை. இப்படி இரண்டு முறை நடந்தால் கேமராவை இயக்கும் டிரைவர் நிரலிடம் இருந்த இரண்டு பஃபர்களும் தீர்ந்துவிடும்; அதன்பின் படம் கேட்டால் நல் (வெற்று மதிப்பு) மட்டுமே வரும். ஆகவே முதல் பிழையை மட்டும் திருத்தி நிறுத்திவிடாதீர்கள். மாற்றம் வெற்றியோ தோல்வியோ, அது முடிந்த அடுத்த வரியிலேயே ஃப்ரேமைத் திருப்பிக் கொடுங்கள். அதற்குப் பின் அந்த ஃப்ரேமின் சுட்டியை (அதன் நினைவக முகவரியை) தொடக் கூடாது. ஜேபெக் பஃபரை, அனுப்புதல் தோற்றாலும், அது முடிந்தவுடன் ஃப்ரீ செய்யுங்கள்.

இன்னொன்றும் உங்கள் நிரலில் கண்ணில் பட்டது. படத்தை எப்போது பிடிப்பது என்று சொல்லும் கிராப் மோட் இயல்புநிலையில் இருப்பதால், பஃபர் காலியானதும் அடுத்த படம் உடனே நிரம்பிக் காத்திருக்கும். நீங்கள் பெறுவது இப்போதைய மட்டம் அல்ல, முன்னமே எடுத்த பழைய படம். அதை கேமரா_கிராப்_லேட்டஸ்ட் என்று மாற்றுங்கள்.

திருத்தியபின் 5 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. இடைவெளியை 5 வினாடியாகக் குறைத்து 60 படங்கள் எடுங்கள். 5 நிமிடத்தில் முடிந்துவிடும். பிஎஸ்ரேம் எண் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே இடத்துக்குத் திரும்பினால் கசிவு அடைபட்டுவிட்டது.