நுவரெலியாவில் 40 இருக்கை உள்ள பாரில் புகைப்பதை முழுதாக நிறுத்துவது எப்படி? தனி அறை ஒன்று ஒதுக்கினால் போதாதா?

போதாது. இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் (தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபைச் சட்டம்) மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. வேலைத்தளங்களும் இதில் அடக்கம். புகைப்பவர் மட்டுமல்ல, புகைக்க விடும் பொறுப்பாளரும் குற்றவாளிதான். 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல், 30 பேராவது அமரக்கூடிய உணவகம் போன்றவற்றில் புகைக்க இடம் ஒதுக்கலாம் என்று விலக்கும் இருக்கிறது. அந்த விலக்கைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றில்லை, பயன்படுத்தவும் வேண்டாம் என்பேன். அந்த அறைக்குள் கிளாஸ் எடுக்கவும் சாம்பல் கொட்டவும் உங்கள் வெயிட்டர்தான் போக வேண்டும். வாடிக்கையாளர் ஒரு மணித்தியாலத்தில் எழும்பிப் போய்விடுவார், வெயிட்டர் ஷிஃப்ட் முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பார். அயர்லாந்தில் 2004 மார்ச் 29 முதல் பப்களில் புகைப்பதைத் தடுத்தது வேலை செய்பவர்களைக் காக்கத்தான். இங்கும் காரணம் அதேதான்.

குளிர் ஊரில் தனி அறைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இரவில் ஜன்னல் எல்லாம் சாத்தி, ஹோலில் கணப்பு எரிப்பீர்கள். புகைபோக்கி வழியாகச் சூடான காற்று மேலே போகப் போக, அந்த இடத்தை நிரப்ப வேறு காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். குசினி எக்ஸோஸ்ட் ஃபேனும் இதையேதான் செய்கிறது. கணப்பைப் பற்றவைத்து, ஃபேனையும் போட்டுவிட்டு, அந்த அறைக் கதவின் அடியில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை ஹோல் பக்கம் சாய்ந்தால் சிகரெட் புகையும் அந்த வழியில்தான் வரும். அறைக்குத் தனி ஃபேன் போட்டாலும் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே தள்ளப்படும். காற்றுச் சுத்திகரிப்பான் துகளில் ஒரு பங்கைப் பிடிக்கும், கார்பன் மொனொக்சைட்டைப் பிடிக்காது.

ஆகவே காசை அறையில் போடாமல் வெளியே ஒரு கொட்டகையில் போடுங்கள். பெரும்பாலான இடங்களில் தடை தோற்பது இந்தக் கொட்டகை இல்லாததால்தான். மழையில் நிற்க இடமில்லாதவர் வாசல்படியில் நிற்பார், அடுத்து கதவுக்கு உள்ளே நிற்பார், பிறகு டொய்லெட்டுக்குள் போய்ப் பற்றவைப்பார். கதவு, ஜன்னல், குசினி ஆகியவற்றிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, 3 மீட்டருக்கு 2 மீட்டர் தகரக் கூரை போடுங்கள், ஆறு பேர் நிற்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை மழையும் காற்றும் தென்மேற்கிலிருந்து வரும், அந்தப் பக்கம் மட்டும் மறைப்பு வைத்து மற்றப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டினால் அதுவும் மூடிய அறையாகிவிடும். ஒரு மின்விளக்கு போதும். சிகரெட் துண்டுகளுக்கு இரும்பு வாளியில் 10 சென்ரிமீட்டர் மணல் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். குப்பையில் கொட்டுமுன் தண்ணீர் ஊற்றுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் காய்ந்த மானாப்புல் தீப்பற்ற ஒரு துண்டே போதும். கேஸ் சிலிண்டர், ஜெனரேட்டர் பக்கம் கொட்டகை வரவே கூடாது.

கொட்டகை தயாரான பிறகு தடை தொடங்கும் நாளைக் குறியுங்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்பு ஒட்டுங்கள். அந்த நாள் காலையில் மேசைகளிலிருந்து ஆஷ்ட்ரே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒன்றை விட்டாலும் அது புகைக்க அழைப்புத்தான். திரைச்சீலைகளையும் குஷன் உறைகளையும் துவைத்து, சுவரையும் சீலிங்கையும் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிட்ட பிறகே பெயின்ட் அடியுங்கள். கழுவாமல் அடித்தால் மஞ்சள் கறை மேலே ஊறி வரும், பழைய வாடையும் போகாது. வாடை இருக்கும் வரை புது ஆட்கள் இங்கே புகைக்கலாம் என்றே நினைப்பார்கள்.

ஊழியர் பேசும் விதம் முக்கியம். "சேர், உள்ளுக்கு சிகரெட் குடிக்க ஏலாது. பின்னுக்குக் கூரை போட்ட இடம் இருக்கு, குடை தாரேன்" என்றால் அநேகமானவர்கள் எழும்பிவிடுவார்கள். கிளாஸை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சிலர் நகரமாட்டார்கள், அதன் மேல் ஒரு கோஸ்டரை வைத்துக் காட்டுங்கள். மறுப்பவரிடமிருந்து சிகரெட்டைப் பிடுங்கக் கூடாது. அடுத்த கிளாஸை நிறுத்தி, பில்லை வைத்து, மெனேஜரைக் கூப்பிட வேண்டும். சண்டைக்கு வந்தால் பொலிஸுக்கு 119. சம்பளத்துக்கு வேலை செய்யும் பையனைத் தனியாக இதற்கு முன்னால் நிறுத்துவது அநியாயம். முதலாளி தன் ஒபிஸ் அறையில் புகைத்தால் இது ஒரு வாரமும் நிலைக்காது.

மறந்துபோகும் இடங்கள் டிரைவர்மார் படுக்கும் அறை, காவல்காரர் கூடு, ஊழியர் விடுதி. ஜன்னல் இல்லாத டிரைவர் அறையில் நாலைந்து பேர் படுத்து, ஒருவர் புகைத்தால் மற்ற எல்லாருக்கும் விடியும் வரை அதுதான் காற்று. அங்கும் அதே அறிவிப்பை ஒட்டுங்கள், அதே கொட்டகையைக் காட்டுங்கள். புகைப்பதை விட நினைக்கும் ஊழியருக்கு 1948 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள், புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் ஆலோசனை அதில் கிடைக்கும். உங்கள் பகுதி பி.எச்.ஐ.யையும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தொடக்கத்திலேயே ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள். கொட்டகையின் மறைப்பு கூடிவிட்டது என்று அவர் சொன்னால், தகரம் அடித்து முடிக்குமுன் கழற்றுவது சுலபம்.